மூன்றாவது கோப்பைக்கு மதிப்பெண் இல்லை

பீரைச் சுவைத்து மதிப்பிடும் வேலை மூக்கில் தொடங்குகிறது. கோப்பையில் ஊற்றியவுடன் எழும் நுரையோடு ஹாப்ஸ் பூவின் எண்ணெய்களும், நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கிய எஸ்டர்களும், கந்தகச் சேர்மங்களும் மேலே வருகின்றன. இவற்றில் சில ஓரிரு நிமிடங்களில் கலைந்துவிடும். ஆகவே பயிற்சி பெற்ற நடுவர் நிறத்தைப் பற்றி எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்பே மோந்துவிடுகிறார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும், சிறிது வாயில் வாங்கிச் சுழற்றுவதும், விழுங்குவதும் பிறகுதான். வைன் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்கள் கொஞ்சமாவது விழுங்குகிறார்கள். தொண்டையைத் தாண்டிய பின் கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது, வழவழவென்று அடங்குகிறதா, கரகரவென்று பிடித்துக்கொள்கிறதா என்பதும் கணக்கில் சேரும். விழுங்கியபின் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம் முதலில் மோந்த மணத்திலிருந்து வேறுபடுவதும் உண்டு.

போட்டி மேசையில் ஒரு மாதிரிக்கு நூறு மில்லிக்கும் குறைவாகவே ஊற்றுவார்கள். பக்கத்தில் தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும் இருக்கும். மாதிரிகள் கூடக்கூட நாக்கு களைக்கும் என்பதால் மென்மையானவை முதலிலும், கசப்பும் ஆல்கஹாலும் மிகுந்தவை கடைசியிலும் வரும். மிகுந்த குளிர்ச்சி ஆகாது. மணம் எழாது, நாக்கும் மரத்துப்போகும். பெரிய நிறுவனங்களின் லாகர் விளம்பரங்கள் குளிர்ச்சியையே பெருமையாகச் சொல்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: உறையும் அளவுக்குக் குளிர்ந்த பீரில் குறையும் தெரியாது, குணமும் தெரியாது.

இந்த வேலையின் முடிவில் ஓர் எண் வருகிறது. ஐந்துக்கு இவ்வளவு, ஐம்பதுக்கு இவ்வளவு, நூற்றுக்கு இவ்வளவு. எண் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அது எந்தக் கேள்விக்கு விடை என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆலையின் பரிசோதனை அறையில் கேட்கப்படுவது, நேற்றைய பீரும் இன்றைய பீரும் ஒன்றுதானா என்பது. போட்டி நடுவரிடம் கேட்கப்படுவது, இன்ன வகை என்று சொல்லிக்கொண்டு வந்த பீர் அந்த வகைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது. காசு கொடுத்துக் குடிப்பவரிடம் கேட்கப்படுவது, பிடித்திருக்கிறதா என்பது மட்டுமே. பட்டியல்களில் எண் மட்டும் ஊர் ஊராகப் போகிறது. கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கிராஃப்ட் பீரின் அரை நூற்றாண்டுச் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த உதிர்வால் வந்தவை.

ஆலையின் கேள்விதான் மிகக் கறாரானது. டப்ளினின் கின்னஸ் ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்கலைக்கழகங்களிலிருந்து அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்தது. 1899இல் அப்படிச் சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட். கையில் இருக்கும் சில மாதிரிகளை வைத்துக்கொண்டு மொத்தத்தைப் பற்றி எவ்வளவு தூரம் துணிந்து பேசலாம் என்பது அவருடைய கவலை. 1908இல் அவர் வெளியிட்ட விடையிலிருந்துதான் புள்ளியியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் டி-சோதனை பிறந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 1940களில் முக்கோணச் சோதனை உருவானது. மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். எனவே எத்தனை முறை சரியாகச் சொன்னால் அது தற்செயல் அல்ல என்பதற்குக் கணக்கு உண்டு. இதில் சோதிக்கப்பட்டது பீர் மட்டும் அல்ல. சுவைப்புக் குழுவில் உட்காரத் தகுதியானவர் யார் என்று தேர்ந்தெடுக்கவும் இதே கோப்பைகள்தான் பயன்பட்டன. உணவுத் துறை இன்று கையாளும் புலனறிவுச் சோதனை முறைகள் பீர் ஆலைகளுக்குப் பட்டிருக்கும் கடன் சிறியது அல்ல. இந்தச் சோதனையில் 'நன்றாக இருக்கிறதா' என்ற கேள்விக்கு இடமே இல்லை.

ஆலைச் சுவைஞரின் மூக்கு பிசகுகளைத் தேடுகிறது. அவித்த மக்காச்சோள வாடை வந்தால் டைமெத்தில் சல்ஃபைடு. மால்ட் சாறு சரியாகக் கொதிக்கவில்லை என்று ஐயம் எழும். பச்சை ஆப்பிள் வாடை வந்தால் அசிட்டால்டிஹைடு. நொதித்தல் முடிவதற்கு முன்பே அவசரப்பட்டிருக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை பழசாகிப் போனதன் அடையாளம். அதற்குக் காரணமான டிரான்ஸ்-2-நோனினால் என்ற சேர்மம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பயின்ற மூக்கு பிடித்துவிடும். வெயில் பட்ட பீரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உண்டாகிறது. பழுப்புப் புட்டி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் தடுக்காது. ஆனாலும் பச்சைப் புட்டியில் வரும் சில ஐரோப்பிய லாகர்களின் ரசிகர்கள் அந்த நாற்றத்தையே அந்த பீரின் இயல்பான மணம் என்று பழகிவிட்டார்கள். பிசகு எங்கே முடிகிறது, குணம் எங்கே தொடங்குகிறது என்ற தகராறின் முதல் புள்ளி இதுதான்.

இந்த வாடைகளுக்கெல்லாம் பொதுவான பெயர்கள் இல்லாமல் ஆலைகள் நெடுங்காலம் திண்டாடின. ஒருவர் 'பழைய வாடை' என்று எழுதியதை இன்னொருவர் 'ரொட்டி வாடை' என்று எழுதினால் இரண்டும் ஒன்றா என்று அறிய வழி இருக்கவில்லை. டேனிஷ் வேதியியலாளர் மார்ட்டன் மைல்கார்டு 1970களில் இதற்காகவே உழைத்து, ஐரோப்பிய அமெரிக்கத் தொழில்நுட்பச் சங்கங்களின் துணையுடன் நூற்றுக்கும் மேற்பட்ட சுவை மணச் சொற்களை ஒரு சக்கரமாக அடுக்கினார். வைனுக்கு ஆன் நோபிள் செய்த புகழ்பெற்ற சக்கரம் 1980களில்தான் வந்தது. சக்கரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் முடிந்தவரை ஒரு வேதிப்பொருளை நிறுத்தியதுதான் மைல்கார்டின் சாதனை. அந்தப் பொருளைத் துளித்துளியாகச் சுத்தமான பீரில் கலந்து கொடுத்துச் சுவைஞர்களைப் பழக்கலாம். டென்வரில் 'வெண்ணெய்' என்றால் கோபன்ஹேகனிலும் அதுவே.

ஆனால் வெண்ணெய் வாடை, அதாவது டைஅசிட்டைல், ஒழித்தே தீரவேண்டியதா? நொதிக்கும்போது இது எப்படியும் உருவாகும். ஈஸ்ட்டுக்கு நேரம் கொடுத்தால் அதுவே திரும்ப உட்கொண்டுவிடும். அமெரிக்க லாகரில் இதன் சாயல் இருந்தால் போட்டியில் தள்ளுபடி. ஆங்கிலேய பிட்டரில் சிறிதளவுக்கு அனுமதி உண்டு. 1842இல் பில்சனில் ஜோசப் குரோல் காய்ச்சிய முதல் வெளிர்நிற லாகரின் வழிவந்த பில்ஸ்னர் உர்க்கெலில் அது மெல்லிய அடிச்சுவையாகவே இருந்துவருகிறது. ரசத்தில் பெருங்காயம் போல: அளவில் நின்றால் தனியே தெரியாது, மிஞ்சினால் வேறெதுவும் தெரியாது. பவேரியாவின் கோதுமை பீரில் வாழைப்பழ வாடையும் கிராம்பு வாடையும் கட்டாயம் இருக்க வேண்டும். அதே வாடைகள் ஒரு பில்ஸ்னரில் வந்தால் காய்ச்சியவர் தலைகுனிய வேண்டியதுதான். மாட்டுத் தொழுவம், பழந்தோல் என்று வர்ணிக்கப்படும் பிரெட்டனோமைசீஸ் ஈஸ்ட்டின் மணம் பெரும்பாலான ஆலைகளுக்குள் புகுந்தால் கேடு. பிரசெல்ஸின் கான்டியோன் ஆலையில் அதுவே மரபு. ஆக, வகை இன்னது என்று தெரியாமல் நடுவரால் ஓரடிகூட நகர முடியாது.

வகை என்ற இந்தச் சட்டகத்தைப் பொதுவாசகர் கைக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, 1942இல் யார்க்ஷயரில் பிறந்து 2007இல் மறைந்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர். பெயர்ப் பொருத்தத்தை வைத்து அவரே கேலி செய்துகொள்வார். 1977இல் வெளியான அவருடைய உலக பீர் வழிகாட்டி, பெல்ஜியத்தின் மூலைமுடுக்கு மடங்களிலும் பண்ணைகளிலும் காய்ச்சப்பட்டவற்றை வைனுக்குரிய கவனத்தோடு விவரித்தது. அன்றைய நிலவரம் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். பிரிட்டனில் பீப்பாயில் உயிர்ப்போடு முதிரும் ஏல் மறைந்துவருகிறது என்று 1971இல் நான்கு பேர் தொடங்கிய 'காம்ரா' இயக்கம் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் மொத்த பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவு. அவையும் பெரும்பாலும் ஒரே மாதிரியான மெல்லிய லாகரைக் காய்ச்சின. இன்று அங்கே ஒன்பதாயிரத்துக்கும் மேல். அந்தப் பெருக்கத்தின் தொடக்ககாலத்தில் வீட்டுக் காய்ச்சலில் இறங்கியவர்கள் பலர், குடித்தே பார்க்காத வகைகளை ஜாக்சனின் வரிகளை நம்பித்தான் காய்ச்சினார்கள். விவரிக்க வந்த புத்தகம் செய்முறைக்குச் சட்டமாகிப் போனது.

1982இல் தொடங்கிய ஜாக்சனின் கையடக்க வழிகாட்டியில் நட்சத்திரங்கள் உண்டு. ஒரு நட்சத்திரம் என்றால் தன் நாட்டுக்கும் வகைக்கும் இயல்பான பீர் என்று பொருள். நான்கு என்றால் உலகத் தரம். தாழ்ந்த மதிப்பில்கூட ஓர் இடத்தைச் சொல்லும் மரியாதை அதில் இருந்தது. இலங்கையின் லயன் ஸ்டௌட்டுக்கு வெளியுலகில் பெயர் வாங்கித் தந்ததில் அவர் பங்கு பெரிது. நுவரெலியாவில் காலனி ஆட்சிக்காலத்தில் வேரூன்றிய ஆலையின் இந்தக் கறுப்பு பீர், ஆல்கஹால் 8 சதவீதத்தைத் தொடுவது; கருகிய காப்பிக்கொட்டையும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்த சுவை. கண்டியில் அது ஆங்கிலேய மதுக்கூடங்களின் பாணியில் கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுவதை அவர் வியந்து எழுதினார். உள்ளூரில் அதைத் தினமும் குடித்தவர்கள் யாரும் நட்சத்திரம் கேட்கவில்லை. வெப்பநாட்டில் கனத்த கறுப்பு பீரா என்று வெளிநாட்டார் கேட்டபோதுதான் அது ஒரு வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆனது.

வகைச் சட்டகம் முழு அதிகாரத்தோடு அமர்ந்தது அமெரிக்கப் போட்டிகளில். வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சிச் சட்டத்தில் அனுமதிக்கும் மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். வீட்டுக் காய்ச்சல்காரர்கள் பெருகப் பெருகப் போட்டிகளும் பெருகின. நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்த 1985இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. பி.ஜே.சி.பி. என்ற அந்த அமைப்பின் மதிப்பெண் தாள் ஐம்பதுக்கானது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் குமிழுக்கும் 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. மணமும் சுவையும் சேர்ந்து பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்கின்றன. கண்ணுக்கு மூன்றே மதிப்பெண் என்பது நேர்மையான ஏற்பாடு. கண் ஏற்கெனவே மற்ற நான்கு பத்திகளிலும் திருட்டுத்தனமாக மதிப்பெண் போட்டுவிடுகிறது. கறுப்பாக இருப்பதால் கின்னஸைக் கனத்த பீர் என்று நம்பாதவர் அரிது. அதன் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், பல வெளிர்நிற லாகர்களைவிடக் குறைவு.

இந்தத் தாளின் உண்மையான பயன் எண்ணில் இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் விட்டிருக்கும் கோடுகளில் இருக்கிறது. நடுவர் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் எழுத வேண்டும். வீட்டில் காய்ச்சியவர் அதைப் படித்து அடுத்த முறை திருத்திக்கொள்வார். ஒரே மேசை நடுவர்களின் மதிப்பெண்கள் வெகுவாக விலகினால் பேசி நெருங்கச் சொல்கிறார்கள். பேச்சில் மூத்த நடுவரின் குரல் ஓங்கும் என்பதும், முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையிலேயே பெரும்பாலான பீர்கள் குவிந்துவிடும் என்பதும் போட்டிக்காரர்கள் அறிந்ததுதான். எல்லா வகைகளின் வெற்றியாளர்களும் ஒரே மேசைக்கு வரும் கடைசிச் சுற்றில் தாளையே ஒதுக்கிவிடுகிறார்கள். நடுவர்கள் விவாதித்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறார்கள். கோதுமை பீரையும் கறுப்பு ஸ்டௌட்டையும் ஒரே எண்கோட்டில் நிறுத்த முடியாது என்பதை எண்ணை வகுத்தவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது.

கொலராடோவில் 1982இல் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பீர் திருவிழா இந்தச் சிக்கலின் இரு பக்கங்களையும் பார்த்தது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவர்கள் வாக்களித்துச் சிறந்த பீரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1985இல் அந்த ஆண்டே சந்தைக்கு வந்திருந்த சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர் வென்றது. அமெரிக்காவின் சிறந்த பீர் என்று விளம்பரமும் செய்யப்பட்டது. வாக்கெடுப்பில் பீரின் தரம் ஜெயித்ததா, கடைவிரிப்பின் கவர்ச்சி ஜெயித்ததா என்று மற்ற ஆலைகள் முணுமுணுத்தன. 1987இல் பெயர் மறைத்துச் சுவைக்கும் தொழில்முறை நடுவர் குழு வந்தது; பொதுவாக்கு பிறகு மறைந்தது. அங்கே தங்கம், வெள்ளி, வெண்கலம் உண்டு. தகுதியான பீர் இல்லை என்று நடுவர்கள் கருதினால் பதக்கத்தை நிறுத்திவைக்கவும் செய்யலாம்.

மறைந்த பொதுவாக்கு புத்தாயிரத்தில் இணையம் வழியே பன்மடங்காகத் திரும்பியது. லட்சக்கணக்கான குடிமக்கள் ஐந்துக்கு இவ்வளவு என்று எழுதித் தள்ளினார்கள். காசெட்டின் கவலை இங்கேயும் வந்து நின்றது: நான்கு பேர் மட்டும் முழு மதிப்பெண் கொடுத்த பீர் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்துவிடக்கூடாது. அதற்காக, குறைந்த வாக்குகள் பெற்ற பீரின் சராசரியைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் சூத்திரங்கள் புகுத்தப்பட்டன. ஆனால் எந்தச் சூத்திரத்தாலும் சரிசெய்ய முடியாத சாய்வு ஒன்று இருந்தது. உச்சியில் இருந்தவை பெரும்பாலும் கறுத்து, கனத்து, 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் கொண்டு, கிடைப்பதற்கு அரியவை. அடியில் கிடந்தவை எங்கும் கிடைக்கும் மெல்லிய லாகர்கள்.

2005இல் அப்படி ஒரு பட்டியல் உலகின் சிறந்த பீர் என்று அறிவித்தது வெஸ்ட்வ்லெட்டெரன் 12ஐ. பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்சில், ஹாப்ஸ் தோட்டங்களுக்கு நடுவே, சின்ட்-சிக்ஸ்டஸ் மடத்தின் டிராப்பிஸ்ட் துறவிகள் காய்ச்சுவது, 10.2 சதவீதம், உலர்ந்த திராட்சை, அத்தி, எரிந்த சர்க்கரைச் சுவை. புட்டியில் அப்போது சீட்டுக்கூட ஒட்டுவதில்லை, மூடியில் இருப்பதுதான் விவரம். செய்தி பரவியதும் மடத்தின் வாசலில் கார்கள் வரிசை கட்டின, இருப்பு தீர்ந்தது. துறவிகள் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். மடம் நடக்கப் போதுமான அளவு விற்றால் சரி என்பது அவர்கள் கணக்கு. தொலைபேசியில் முன்பதிவு, காரின் எண்ணைப் பதிந்துகொள்ளுதல், அடுத்த முறை வாங்க இடைவெளி, மறுவிற்பனை செய்யாதிருக்க வாக்குறுதி என்று கட்டுப்பாடுகள் வந்தன. கட்டுப்பாடு கூடக்கூட ஆசையும் கூடியது. இணைய உலகம் தந்த முதலிடத்தை அவர்கள் ஒரு தொந்தரவாகவே நடத்தினார்கள். மடத்துக் கட்டடங்களைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும், 2011இலும் 2012இலும், பரிசுப்பெட்டிகளாக வெளியே விற்றார்கள்.

சில கிலோமீட்டர் தொலைவில் வாட்டூ என்ற ஊரில் சின்ட் பெர்னார்டஸ் ஆலை இருக்கிறது. 1946 முதல் 1992 வரை மடத்தின் உரிமம் பெற்று அதே பீரை வெளிச்சந்தைக்குக் காய்ச்சியது இந்த ஆலைதான். உரிமம் முடிந்த பிறகும் அப்ட் 12 என்ற பெயரில் பழைய செய்முறையைத் தொடர்கிறது. மடம் இப்போது வெஸ்ட்மால் மடத்தின் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறது. பழைய ஈஸ்ட்டைக் காத்துவருவது வாட்டூதான் என்று அதன் ரசிகர்கள் வாதிடுவார்கள். அப்ட் 12 எந்தத் தரமான கடையிலும் கிடைக்கும். பட்டியல்களில் அது எப்போதும் மிக நல்ல பீர், ஆனால் வெஸ்ட்வ்லெட்டெரனுக்குக் கீழே. பெயரை மறைத்து இரண்டையும் கொடுத்தால் வாட்டூவின் பீரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எப்போதும் உண்டு. இடைவெளியில் ஒரு பகுதியாவது சுவையில் இல்லை, போய்வந்த வழியில் இருக்கிறது.

இதை ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 1964இல் அலிசன், ஊல் இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அப்படித்தான் வாசிக்கப்பட்டது: சீட்டு நீக்கிய புட்டிகளைக் கொடுத்தபோது பெரும்பாலானவர்களால் தாம் வழக்கமாகக் குடிக்கும் பீரை அடையாளம் காண முடியவில்லை, சீட்டோடு கொடுத்தபோது அதற்கே கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். ஆனால் 2006இல் லீ, ஃபிரெடெரிக், ஏரியலி மூவரும் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. பீரில் சில துளி பால்சாமிக் வினிகரைக் கலந்து கொடுத்தார்கள். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது கணிசமானவர்கள் கலந்ததையே விரும்பினார்கள். வினிகர் என்று முன்கூட்டியே சொன்னபோது அந்த விருப்பம் வெகுவாகக் குறைந்தது. குடித்து முடித்த பிறகு சொன்னவர்களிடமோ விருப்பம் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது, முன்னால் வந்த தகவல் அபிப்பிராயத்தை மட்டும் மாற்றவில்லை. சுவை அனுபவத்துக்குள்ளேயே புகுந்துகொண்டது. அப்படியானால் மடத்தின் வாசலில் காத்திருந்து வாங்கியவருக்கு அந்த பீர் உண்மையாகவே மேலாகச் சுவைத்திருக்கிறது. அவர் பொய்யான மதிப்பெண் போடவில்லை. கடையில் வாங்குபவருக்குக் கிடைக்காத ஒன்றுக்குப் போட்டிருக்கிறார்.

கனத்த பீருக்கான சாய்வுக்கு வேறொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. மதிப்பிடுபவர் குடிப்பது மிடறு அளவு. திருவிழாவில் ஒரு விரல்கடை, மதுக்கூடத்தில் மரப்பலகையில் வரிசையாக வரும் நாலைந்து சிறு கோப்பைகள், நண்பர்கள் பங்கிட்ட ஒரு புட்டி. அந்த வரிசையில் இனிப்பும் கருகலும் ஆல்கஹால் சூடும் கொண்ட ஸ்டௌட் முதல் மிடறிலேயே ஆளைப் பிடித்துக்கொள்ளும். செக் நாட்டு லாகரோ ஆங்கிலேய பிட்டரோ அந்த அளவுக்காகக் காய்ச்சப்பட்டவை அல்ல. அரை லிட்டர் கோப்பையில், பேச்சுக்கு நடுவே, ஒன்று முடிந்து இன்னொன்று வரும் மாலைக்காகக் காய்ச்சப்பட்டவை. முதல் மிடறில் 'பரவாயில்லை' என்று தோன்றுவதும், மூன்றாவது கோப்பையிலும் சலிக்காமல் இருப்பதும் அவற்றின் திட்டமிட்ட குணம். பில்ஸ்னரில் பிசகை ஒளித்துவைக்க இடம் கிடையாது என்பதால் காய்ச்சுபவர்கள் தங்களுக்குள் அதைத்தான் கைத்திறனின் சோதனையாகக் கருதுகிறார்கள். வேலை முடிந்து அவர்கள் குடிப்பதும் பெரும்பாலும் அதுதான். பொதுப்பட்டியலில் அதற்கு நடுத்தர இடம். மூன்றாவது கோப்பைக்கு மதிப்பெண் போடும் முறை எதுவும் இல்லை. மூன்று கோப்பை குடித்தவரின் தீர்ப்பை யாரும் நம்பப்போவதும் இல்லை.

மதிப்பெண் பீரையே மாற்றிய கதைக்கு வெர்மான்ட் மாநிலத்தின் ஹெடி டாப்பர் சாட்சி. ஜான் கிம்மிக்கின் தி ஆல்கெமிஸ்ட் மதுக்கூடம் வாட்டர்பரியில் 2003இல் தொடங்கியது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அதை மூழ்கடித்தது. அதே சமயத்தில் தயாராகியிருந்த தனி ஆலையிலிருந்து ஹெடி டாப்பர் கேன்களில் வரத் தொடங்கி, சில ஆண்டுகளில் பட்டியல்களின் உச்சிக்குப் போனது. வடிகட்டாமல் கலங்கலாக இருந்த அந்த ஐ.பி.ஏ.வில் (இந்தியா பேல் ஏல்) கசப்பைவிட மாம்பழ, ஆரஞ்சு மணம் தூக்கலாக இருந்தது. ஊற்றாமல் கேனிலிருந்தே குடிக்கச் சொல்லி அதன் மேல் அச்சிட்டிருந்தார்கள். தோற்றத்துக்கு மதிப்பெண் கேட்கும் முறையை ஒரு தகர உறை தட்டிக்கழித்தது. அன்றைய போட்டி வகைகளின்படி அவ்வளவு கலங்கல் ஒரு குறை. பெயர் மறைத்த மேசையில் அது பதக்கம் வாங்கியிருப்பது கடினம். ஆனால் குடிப்பவர்களின் எண்கள் ஏறிக்கொண்டே போக, நூற்றுக்கணக்கான ஆலைகள் அதைப் போலவே காய்ச்சின. 2018இல் அமெரிக்க ஆலைகளின் சங்கம் கலங்கல் ஐ.பி.ஏ.க்கென்று தனி வகைகளைச் சேர்த்தது; அந்த ஆண்டுத் திருவிழாவில் வேறெந்த வகையையும்விட அதற்குத்தான் அதிக பீர்கள் வந்தன. 'பிடித்திருக்கிறதா' என்ற கேள்விக்கான விடை பதினைந்து ஆண்டுகளுக்குள் 'வகைக்குப் பொருந்துகிறதா' என்ற கேள்வியின் அளவுகோலாக மாறிப்போனது. தெளிவாக வரும் கலங்கல் ஐ.பி.ஏ.க்கு இப்போது மதிப்பெண் குறையும்.

யார் கேட்கிறார்கள் என்பதும் கேள்வியின் பகுதிதான். 2000இல் தொடங்கிய ரேட்பீர் என்ற மதிப்பீட்டுத் தளத்தில் ஏ.பி. இன்பெவ் பெருநிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு பங்கு வாங்கியிருந்தது 2017இல் வெளிவந்தது. மதிப்பிடப்படும் பீர்களில் பலவற்றைக் காய்ச்சும் நிறுவனமே மதிப்பிடும் மேசைக்குச் சொந்தக்காரர் ஆவதா என்று டாக்ஃபிஷ் ஹெட் ஆலை தன் பீர்களைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது. எண்களில் யாரும் கைவைத்ததாக நிரூபணம் இல்லை. கைவைக்கத் தேவையும் இல்லை. எந்த ஊரில் எந்தச் சுவை ஏறுகிறது என்ற தகவலே போதிய லாபம். 2019இல் தளம் முழுமையாக அந்நிறுவனத்தின் கைக்குப் போனது. 2025 பிப்ரவரி 1 அன்று மூடப்பட்டது.

எல்லா எண்களுக்கும் பொதுவான ஒரு குறை தேதி இல்லாதது. ஐ.பி.ஏ.யின் ஹாப்ஸ் மணம் சில வாரங்களில் மங்கத் தொடங்கும். கனத்த ஸ்டௌட் ஆண்டுக்கணக்கில் வைத்தால் உருண்டு திரளும். அதே பீப்பாய் பீர், குழாய்களைச் சுத்தமாக வைத்திருக்கும் கடையில் ஒன்றாகவும் பக்கத்துக் கடையில் வேறாகவும் இருக்கும். பெல்ஜியத்தின் தென்கோடியில் ஓர்வால் மடம் வெளிச்சந்தைக்கு ஒரே ஒரு பீரைத்தான் தருகிறது. புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசீஸ் ஈஸ்ட் சேர்ப்பதால் அது புட்டிக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிறது. முதல் மாதங்களில் ஹாப்ஸின் பச்சை மணமும் முறுகிய கசப்பும்; ஓராண்டுக்குப் பின் ஹாப்ஸ் பின்வாங்கி, தோல் மணமும் உலர்ந்த புளிப்பும் மேலெழும்; இனிப்பு கரைந்து ஆல்கஹாலும் சற்று ஏறும். சீட்டில் அடைத்த தேதி இருக்கிறது, ஐந்தாண்டுக் கெடுவும் இருக்கிறது. ஓர்வாலுக்கு 4.1 என்று எழுதியவர் எந்த ஓர்வாலைக் குடித்தார் என்பது அந்த எண்ணில் இல்லை. ஓர்வாலை முறையாக வைத்து விற்கும் பெல்ஜியக் காஃபேக்களில் சிலவற்றில் ஆர்டர் எடுப்பவர் முதலில் கேட்பது, இளசா முதிர்ந்ததா என்பதைத்தான். குடிப்பவர்கள் இதில் இரண்டு கட்சி.